கண்ணிமையும் கைந்நொடியும்: மாற்றுத்திறன் மாணவர்க்குத் தமிழ் கற்பித்தல்

முன்னுரை

எழுத்துகளின் ஒலியளவை மாத்திரை என வழங்குவது தமிழ் இலக்கண மரபு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்திற்கு அரை எனப் பள்ளிப் பருவத்திலேயே நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு இளங்கலை முதலாண்டு வகுப்பில் இப்பாடத்தை நடத்திக் கொண்டிருந்தேன். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் என்று விளக்கி, "இதோ பாருங்கள், இவ்வளவுதான்" என்று கூறி என் இமைகளை மூடித் திறந்து காட்டினேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். அவர் பிறவியிலேயே பார்வை அற்றவர். "ஐயா, இவ்வளவு என்றீர்களே, எவ்வளவு?" என்று பணிவோடு வினவினார். வகுப்பில் சிலர் நகைத்தனர். எனக்கு விடை கூறத் தெரியவில்லை.

அன்றிரவு தொல்காப்பிய நூன்மரபைப் புரட்டினேன். மாத்திரைக்கு அளவு கூற வந்த தொல்காப்பியர் கண்ணிமை என்ற ஒன்றோடு நின்றாரல்லர்; கைவிரலை நொடிக்கும் நொடியையும் உடன் கூறியுள்ளார். பின்வந்த நன்னூலாராகிய பவணந்தியாரும் அவ்விரண்டையுமே கூறுகின்றார். பல்லாண்டுகளாக இந்நூற்பாக்களை நான் நடத்தி வந்திருக்கிறேன். இரண்டு சொற்களையும் வாயால் கூறி, ஒன்றை மட்டுமே வகுப்பில் காட்டி வந்திருக்கிறேன். கண்ணுக்கு ஓர் அளவும் செவிக்கு ஓர் அளவும் நம் முன்னோர் வைத்திருக்க, செவிக்குரியதை நான் மறந்திருந்தேன். மறுநாள் வகுப்பில் விரலை நொடித்துக் காட்டினேன். அம்மாணவரும் நொடித்தார், வகுப்பு முழுவதும் நொடித்தது. நெடிலுக்கு இரு நொடி, குறிலுக்கு ஒரு நொடி என அசை பிரிக்கும் பாடம் வரை அந்நொடி எங்களோடு வந்தது. ஒருவருக்காகச் செய்தது அனைவருக்கும் பயன்பட்டது.

அளவு ஒன்று, அளக்கும் வழி இரண்டு. இவ்வுண்மையே இக்கட்டுரையின் மையக் கருத்தாகும். மாற்றுத்திறன் மாணவர்க்குக் கற்பித்தல் என்பது பாடத்தின் தரத்தைத் தாழ்த்துதல் அன்று. பாடம் செல்லும் பாதையை மாற்றுதலே ஆகும் என்பதை இங்குச் சில சான்றுகளால் விளக்க முற்படுகிறேன்.

நாயகத் தோழர் காட்டும் நெறி

இஸ்லாமிய வரலாற்றில் இப்பொருள் பற்றிச் சிந்திப்போர்க்கு முதற்கண் நினைவுக்கு வருபவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். பார்வையற்ற நாயகத் தோழர் அவர். மக்காவில் குறைஷித் தலைவர்களோடு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உரையாடிக் கொண்டிருந்த வேளையில், தமக்கு மார்க்கத்தைக் கற்பிக்குமாறு வேண்டி அவர் வந்தார். பெருந்தலைவர்கள் நேர்வழிக்கு வருவார்களோ என்னும் ஆர்வத்தில் இருந்த அண்ணலாருக்கு அந்த இடையீடு உவப்பாக இல்லை. அப்போது அருளப்பெற்றதே திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமாகிய 'அபஸ'. கற்கும் வேட்கையோடு தேடி வந்த பார்வையற்றவரைப் புறக்கணித்து, கற்க விருப்பமற்ற செல்வாக்குடையோர்பால் கவனம் செலுத்தலாகாது என்பது அதன் தொடக்கப் பகுதி உணர்த்தும் பாடம். வந்தவருக்குத் தம்பால் திரும்பாத முகம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் அது இறைவனிடத்துக் கவனிக்கப்பட்டது என்பது ஆசிரியராயினார் ஒவ்வொருவரும் உள்ளத்தில் இருத்தத் தக்கது.

அதன்பின் அண்ணலார் அத்தோழரைப் பெரிதும் மதித்துப் போற்றினார்கள். மதீனாவைவிட்டு வெளியே செல்ல நேர்ந்தபோது தொழுகையை முன்னின்று நடத்தும் பொறுப்பைப் பலமுறை அவரிடம் ஒப்படைத்தார்கள். பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்பவராகவும் அவர் திகழ்ந்தார். ரமலான் மாதத்தில் பிலால் அவர்கள் இரவிலேயே பாங்கு சொல்லுவார். வைகறையின் பாங்கு இப்னு உம்மி மக்தூம் அவர்களுடையது. அதுவரை உண்ணலாம், பருகலாம் என்பது அண்ணலாரின் அறிவுரை. வைகறை வெளுப்பதைக் காண இயலாத ஒருவர் வைகறைப் பாங்கை எவ்வாறு சொன்னார்? "விடிந்துவிட்டது" என்று பிறர் அறிவித்த பின்னரே அவர் பாங்கு சொல்லுவார் என்று அந்த ஹதீஸ் தொடர்ந்து கூறுகிறது.

இந்நிகழ்ச்சியில் ஒரு கல்விக் கொள்கை முழுமையாக அடங்கியுள்ளது எனலாம். கண்ணை இரவல் கொடுத்தவர் பிறர். குரலும் பொறுப்பும் அவருடையவை. விடியலை அறிவித்தவர் பாங்கையும் தாமே சொல்லிவிடவில்லை. உதவி எதுவரை செல்ல வேண்டும், எங்கு நிற்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.

மற்றொரு செய்தியும் ஹதீஸ் தொகுப்புகளில் காணப்படுகிறது. பார்வையற்ற ஒருவர், தம்மை அழைத்து வர ஆளில்லை என்று கூறி வீட்டிலேயே தொழ இசைவு கோரினார். முதலில் இசைந்த அண்ணலார், பாங்கொலி அவருக்குக் கேட்கிறதா என்று வினவி, கேட்கிறது என்று அறிந்ததும் பள்ளிக்கு வருமாறு பணித்தார்கள். செவிவழி ஒன்று திறந்திருக்கும்போது அவ்வழியே வருக என்பதே இதன் குறிப்பாக எனக்குத் தோன்றுகிறது. விலக்களிப்பது சில வேளைகளில் விலக்கி வைப்பதாகவும் ஆகிவிடக்கூடும்.

வரலாறு தரும் சான்றுகள்

அரபு உலகில் பார்வையற்ற அறிஞர் பலர் வாழ்ந்துள்ளனர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்ஸஃபதீ என்னும் வரலாற்றாசிரியர் பார்வையற்ற பெருமக்களின் வாழ்க்கைக் குறிப்புகளை மட்டுமே திரட்டித் தனிநூல் ஒன்று எழுதும் அளவிற்கு அவர்தம் எண்ணிக்கை இருந்தது. அந்நூலில் ஸைனுத்தீன் அல் ஆமிதீ என்பவரைப் பற்றிய சுவையான செய்தி ஒன்று உள்ளது. நூல் வாணிகமும் செய்துவந்த அவ்வறிஞர், ஒரு நூலை வாங்கியவுடன் மெல்லிய தாளைத் திரித்து, விலையைக் குறிக்கும் அரபு எழுத்தின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி வைப்பாராம். பின்னர் விரலால் தடவி அந்நூலின் விலையைக் கூறுவாராம். விரலால் படிக்கும் எழுத்து என்னும் எண்ணம் அன்றே ஒரு மனிதரின் கையில் உருப்பெற்றிருந்தது.

அவ்வெண்ணத்தை ஒரு முழு முறையாக வளர்த்தவர் பிரான்சு நாட்டு லூயி பிரெய்ல் (1809–1852). மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவி கண்ணில் பாய்ந்து, நாளடைவில் இரு கண்களின் பார்வையையும் இழந்தவர் அவர். 1819இல் பாரிசு நகரின் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். இருளிலும் படிப்பதற்கென்று சார்லஸ் பார்பியே என்பவர் அமைத்திருந்த பன்னிரு புள்ளி முறையை ஆராய்ந்து, அதனை ஒரு விரல்நுனிக்குள் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அம்முறை 1824 அளவில் உருப்பெற்று 1829இல் நூலாக வெளிவந்தது. உருவாக்கியபோது அவருக்கு வயது பதினைந்து. எந்தக் கூர்மை அவர் கண்ணைப் பறித்ததோ, அதே போன்ற கூர்முனையால் தாளில் புள்ளி குத்தி அவர் உலகிற்கு எழுத்தளித்தார்.

எகிப்து நாட்டின் தாஹா ஹுசைன் (1889–1973) குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். கிராமத்து மக்தபில் குர்ஆனை மனனம் செய்து, அல் அஸ்ஹரில் பயின்று, 1914இல் எகிப்துப் பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டத்தைப் பெற்றார். 1950 முதல் 1952 வரை அந்நாட்டின் கல்வி அமைச்சராக விளங்கிக் கட்டணமில்லாக் கல்வியை விரிவுபடுத்தினார். மக்தபின் செவிவழிக் கல்வியோடு அவர் நிறுத்தப்பட்டிருந்தால் எகிப்து ஒரு கல்வியமைச்சரை இழந்திருக்கும்.

நம் நாட்டில் 1887இல் அமிர்தசரசிலும், 1890இல் நம் பாளையங்கோட்டையிலும் கிறித்தவ மறைப்பணியாளர்களால் பார்வையற்றோர்க்கான பள்ளிகள் தொடங்கப்பெற்றன. நம் சமுதாயத்திலும் பார்வையற்ற ஹாபிழ்கள் பலர் உண்டு. அவர்தம் நினைவாற்றல் போற்றத்தக்கது. ஆயினும், பார்வையற்ற சிறுவன் என்றால் ஹிஃப்ழு மதரசா ஒன்றே வழி என்று கருதுவதும், அதன்பின் அவனை ஸகாத் பெறுவோர் பட்டியலில் சேர்த்துவிட்டு அமைதி கொள்வதும் முறையாகுமா என்பதைப் பெரியோர் சிந்திக்க வேண்டும். ஈகை வேண்டற்பாலதே, எனினும் ஈகை கல்விக்கு ஈடாகாது.

ஆறு புள்ளிகளில் தமிழ்

பிரெய்ல் முறையில் ஒரு கட்டத்தில் இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3 எனவும், வலப்புறம் 4, 5, 6 எனவும் புள்ளிகள் அமையும். இவற்றைக் கூட்டியும் குறைத்தும் 63 குறிகள் அமைக்கலாம். இந்திய மொழிகளுக்கு முன்னர்ப் பல்வேறு பிரெய்ல் முறைகள் வழங்கி வந்தன. 1951இல் அவை ஒன்றுபடுத்தப்பட்டுப் பாரதி பிரெய்ல் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. தமிழும் அதனுள் அடங்கும். அகரத்திற்கு முதற்புள்ளி ஒன்று மட்டும். ககரத்திற்கு 1, 3 ஆகிய இரு புள்ளிகள்.

இம்முறையில் உயிர்மெய் எழுதப்படும் விதம் தமிழாசிரியர்கள் கூர்ந்து நோக்கத்தக்கது. 'கொ' என்பதை அச்சில் எழுதும்போது ஒற்றைக் கொம்பு முன்னும், ககரம் நடுவும், கால் பின்னும் அமைகின்றன. ஒலிப்பதோ முதலில் மெய், பின்னர் உயிர். உயிர்மெய்யில் மெய்யின் வழியே உயிர் தோன்றும் என்பதே தொல்காப்பியர் கோட்பாடு. பிரெய்லில் முதலில் ககரம், அடுத்து ஒகரம் என ஒலி வரும் வரிசையிலேயே எழுத்தும் வருகிறது. அச்செழுத்தைக் காட்டிலும் தொல்காப்பியத்திற்கு நெருங்கியதாகப் பிரெய்ல் எழுத்து அமைந்திருப்பது வியப்பிற்குரியது.

ஆனால் வகுப்பில் நாம் கற்பிப்பது எவ்வாறு? "கொம்பு போடு, கால் இழு, சுழி வை" என்றே பிழை திருத்துகிறோம். பிரெய்ல் கற்ற மாணவரின் தமிழில் கொம்பும் இல்லை, காலும் இல்லை, சுழியும் இல்லை. அவரிடம் "ககர மெய்யோடு ஒகரம் சேர்ந்தது" என்று கூறினால் உடனே விளங்கிக்கொள்வார். மெய்யின் புள்ளியும் அவ்வாறே. அச்சில் அது எழுத்தின் தலைமேல் நிற்கும். பிரெய்லில் நான்காம் புள்ளியாகத் தனிக்கட்டத்தில், மெய்க்கு முன்னதாக நிற்கும். ஆகவே 'தமிழ்' என்னும் சொல் அச்சில் மூன்றெழுத்து; பிரெய்லில் ஐந்து கட்டம். த, ம, இ, புள்ளி, ழ என விரல் அதனைப் படிக்கும். எழுத்தெண்ணிப் பாடும் யாப்பு வகைகளை நடத்தும்போது ஆசிரியர் இவ்வேறுபாட்டை அறிந்திராவிடில், மாணவரின் எண்ணிக்கை பிழையென்று அவரே பிழையாகக் கருத நேரும்.

கையால் பிரெய்ல் எழுதுவோர் தாளின் பின்புறத்திலிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதுகின்றனர். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கின்றனர். அரபு பிரெய்லும் இடமிருந்து வலமாகவே படிக்கப்படுகிறது. எழுதும் திசையும் வடிவமும் மாறினாலும் மொழி மாறுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஒலிநூலும் உதவியாளரும்

இக்காலத்தில் கணினியும் கைப்பேசியும் எழுத்தை வாசித்துக் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் 2006இல் பார்வையற்ற இளைஞர் ஒருவரால் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பு மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. ஆயினும் அது படிக்க வேண்டுமெனில் நாம் தரும் பாடம் ஒருங்குறி எழுத்துருவில் இருத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகள் அதற்குப் பொருளற்ற எழுத்துக் குவியல். கையெழுத்துக் குறிப்பைப் படமெடுத்து மாணவர் குழுவிற்கு அனுப்பும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. நாற்பது மாணவர்க்கு அது பாடம். ஒருவருக்கு அது ஊமைப் படம். ஒருங்குறியில் தட்டச்சு செய்து அனுப்புதல் செலவற்ற செயல். சிறிது நேரமே வேண்டும்.

எனின், ஒலிநூல் வந்தபின் பிரெய்ல் எதற்கு என்ற கேள்வி எழலாம். மொழி பயிலும் மாணவர்க்குக் கேட்டல் மட்டும் போதாது. அரம் என்பது கருவி. அறம் என்பது நல்வினை. இன்றைய பேச்சில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஒலிநூலை மட்டும் கேட்டு வளர்ந்தவர்க்கு அவற்றின் எழுத்து வேறுபாடு தெரிய வழியில்லை. ரகர றகரமும், னகர ணகரமும், லகர ளகர ழகரமும் விரலில் தங்கினால்தான் எழுத்தில் தங்கும். ஆகவே தமிழ் பயில்வோர்க்குப் பிரெய்ல் இன்றியமையாதது.

இதன் விளைவு தேர்வறையில் வெளிப்படுகிறது. பார்வையற்ற மாணவர் கூற, உதவியாளர் எழுதுகிறார். மாணவர் 'மறம்' என்று சொல்ல, உதவியாளர் 'மரம்' என்று எழுதினால் மதிப்பெண் இழப்பவர் மாணவரே. சந்தி தெரியாத உதவியாளர் வல்லினம் மிகும் இடங்களை விட்டுவிடுவார். திருத்துபவர் அதனை மாணவரின் அறியாமையாகக் கொள்வார். இதற்கு என் வகுப்பில் நாங்கள் கண்ட வழி எளியது. டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் எனவும், இடையின ரகரம், வல்லின றகரம் எனவும் எழுத்துகளின் பெயரைச் சொல்லி எழுதச் செய்தல். ஒற்று மிகும் இடத்தை வாய்விட்டுக் கூறுதல். தேர்விற்கு முன்னரே உதவியாளரும் மாணவரும் சேர்ந்து ஓரிரு முறை பயிற்சி செய்தல் ஆகியவையே அவை. விடியலை அறிவித்தவரைப் போல உதவியாளர் தம் எல்லைக்குள் நிற்க, பாங்கு மாணவருடையதாகவே இருக்கும்.

செவிப்புலன் குறைந்த மாணவர்

பார்வையற்றவர்க்குக் கரும்பலகை மௌனமானது என்றால், செவிப்புலன் குறைந்தவர்க்கு ஆசிரியரின் முதுகு மௌனமானது. நம்மில் பலர் பலகையில் எழுதிக்கொண்டே பேசுகிறோம். உதட்டசைவைப் பார்த்து உணரும் மாணவர்க்கு அந்நேரம் வகுப்பு நின்றுவிடுகிறது. எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசுதல் என்னும் சிறு பழக்கமே அவர்க்குப் பெருந்துணையாகும்.

உதட்டைப் படிப்பதிலும் எல்லை உண்டு. பகரமும் மகரமும் இதழ் இரண்டும் இயைந்து பிறப்பவை. ஆதலின் உதட்டில் ஒன்றாகவே தோன்றும். 'பணம்' எது, 'மணம்' எது என்று கண்ணால் பிரித்தறிய இயலாது. முதன்மைச் சொற்களைப் பலகையில் எழுதிவிட்டுப் பேசினால் இம்மயக்கம் நீங்கும்.

இவற்றினும் ஆழமான செய்தி ஒன்று உண்டு. பிறவியிலேயே செவிகேளாது, சைகை மொழியில் வளர்ந்தவர்க்குத் தமிழ் இரண்டாம் மொழியாகும். இந்தியச் சைகை மொழி தனக்கென இலக்கணம் உடையது. தமிழைக் கையால் எழுதிக் காட்டுவது அன்று. அதன் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் 2015இல் புதுதில்லியில் நடுவண் அரசு தனி நிறுவனம் அமைத்தது. அத்தகைய மாணவர் வேற்றுமை உருபை விட்டு எழுதினால் அது சோம்பலன்று. ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு வருவோர் படும் இடர்ப்பாடு. உருபேற்ற தொடரையும் உருபற்ற தொடரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிக் கற்பிப்பதே அவர்க்குரிய வழி.

வேற்றுத் தாய்மொழியும் கற்றல் இடர்ப்பாடும்

இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்போர் நம் கல்லூரிகளில் வேறு வகையிலும் உள்ளனர். ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களிலிருந்து வரும் உருது பேசும் மாணவரை நாம் நன்கறிவோம். இவரிடத்தில் குறைபாடு ஏதுமில்லை, வேறுபாடே உண்டு. 'கொடி' என எழுதவேண்டிய இடத்தில் 'கோடி' என்று எழுதுவர். 'எடு', 'ஏடு' மயங்குவர். உருதுவில் எகர ஒகரக் குறில்கள் தனி உயிர்களாக நின்று பொருளை வேறுபடுத்துவதில்லை என்பதே இதற்குக் காரணம். மாத்திரைப் பாடத்தில் பார்வையற்ற மாணவர்க்குப் பயன்பட்ட கைந்நொடி இவர்க்கும் பயன்படுவதைக் கண்டேன். 'கொ' ஒரு நொடி, 'கோ' இரு நொடி என்றதும் வேறுபாடு செவியில் பதிந்தது.

உருதுவில் உயிரற்ற பொருளுக்கும் பால் உண்டு. கிதாப் பெண்பால், காகஸ் ஆண்பால். தமிழிலோ இரண்டும் அஃறிணை. மேலும் கல், தங்கம், பகல் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூவகையாய் ஒலிக்கிறது. வெவ்வேறு ஒலிக்கு வெவ்வேறு எழுத்துடைய மொழியிலிருந்து வருபவர் இதில் திகைப்பது இயல்பு. இடம் நோக்கி ஒலி மாறும் என்னும் விதியைக் கூறிவிட்டால் திகைப்பு நீங்கும். விதி கூறாமல் "உனக்குத் தமிழ் வராது" என்று கூறுவது ஆசிரியர்க்கு அழகன்று.

கண்ணும் செவியும் நன்கமைந்து, அறிவும் குறைவின்றி இருந்தும், எழுத்துகளைப் படிப்பதில் இடர்ப்படுவோர் மற்றொரு வகையினர். டிஸ்லெக்சியா எனப்படும் இந்நிலை சோம்பலோ மந்தமோ அன்று. முன்னர்க் கூறிய கொம்பு, கால் வரிசை மயக்கம் இவர்க்கும் சுமையாக அமையலாம். எழுத்தைப் பார்க்கும்போதே ஒலியைக் கேட்கவும், வாய்மொழியாக விடை கூறவும் வாய்ப்பளித்தால் இவருள் மறைந்திருக்கும் புலமை வெளிப்படும்.

சட்டமும் கடமையும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016இல் இயற்றப்பெற்று 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. கற்றல் இடர்ப்பாடும் அவற்றுள் ஒன்று. அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களும், நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு உடையோர்க்கு ஐந்து விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்றும், சேர்க்கை வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வு தரவேண்டும் என்றும் அச்சட்டம் பணிக்கிறது. எழுத்துத் தேர்வில் ஒரு மணிக்கு இருபது நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் தரவேண்டும் என்பது 2013இல் நடுவண் அரசு வகுத்த நெறிமுறை. மூன்று மணித் தேர்வுக்கு இது ஒரு மணி நேரமாகும்.

நூல்களை மாற்றுவடிவில் ஆக்கித் தருவது பதிப்புரிமைக்கு மாறாகுமோ என்று அஞ்சுவோரும் உளர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டிற்காக இலாப நோக்கின்றி அவ்வாறு ஆக்குவதற்கு இடமளிக்கிறது. இதே நோக்கமுடைய மராகேஷ் உடன்படிக்கை 2013இல், மொராக்கோ நாட்டின் தொன்மைமிகு முஸ்லிம் நகர் ஒன்றில் நிறைவேறியது. அதனை முதன்முதலாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியாவே (2014).

சட்டம் நாற்காலியைத் தரும். பாடத்தைத் தருவது ஆசிரியரே. அதே 2016ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாம், மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்களிக்கவும் இடந்தருகிறது. உண்மையாகவே தேவைப்படுவோர்க்கு அது நல்ல துணை. ஆயினும் கற்பிக்க வழி தெரியாத காரணத்தால், கற்க விரும்பும் மாணவரை விலக்குக் கேட்குமாறு நாம் தூண்டுவோமாயின், பாங்கொலி கேட்கும் செவியுடையவரை வீட்டிலேயே இருத்திவிட்டவர்கள் ஆவோம்.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், கற்பித்தலின் பாதை மாறினாலும் அளவு மாறவேண்டுவதில்லை என்பது தெளிவாகும். கல்லூரிகள் செய்யத்தக்க பணிகள் பெருஞ்செலவின அல்ல. பாடக்குறிப்புகளை ஒருங்குறியில் தருதல், பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தல், பேசும்போது மாணவர் பக்கம் முகம் காட்டல், தேர்வு உதவியாளர்க்கு முன்பயிற்சி அளித்தல், நூலகத்தில் திரைவாசிப்பு மென்பொருளோடு கணினி ஒன்றேனும் அமைத்தல் ஆகியவற்றை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். சமுதாயப் பெரியோர் தம் ஊரில் பார்வையற்ற, செவிகேளாத பிள்ளை உண்டெனின், அப்பிள்ளை பள்ளியில் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். மாணவச் செல்வங்கள் தம் நண்பர்க்குக் கண்ணாகவும் செவியாகவும் இருக்கலாம். ஆயின் அவர்தம் நாவாக மாறிவிடலாகாது.

என்னிடம் மாத்திரைக்கு விளக்கம் கேட்ட மாணவர் அவ்வாண்டு யாப்புத் தேர்வை எழுதி முடித்தபின் என்னிடம் வந்தார். வெண்பா ஒன்றைத் தாமே இயற்றி வந்திருந்தார். அதனைச் சொல்லும்போது சீர்தோறும் அவர் விரல்கள் மெல்ல நொடித்துக்கொண்டிருந்தன. தளை தட்டவில்லை. அவர் சென்ற பிறகு, நாற்பது பேர் பார்க்க நான் இமைத்துக் காட்டிய அந்த முதல் நாளை நினைத்துப் பார்த்தேன். அன்று கற்கத் தவறியவர் அவர் அல்லர். எழுந்து நின்று கேட்க அவர் துணிந்திராவிடில், இரண்டு அளவுகளுள் ஒன்றை மட்டுமே கற்பித்தவனாக நான் ஓய்வு பெற்றிருப்பேன்.